பதினாலாவது ஷரத்து

தை இருபத்திரண்டாம் தேதி வானத்தில் மேகத்துக்கு என்ன வேலை? கதிர் முற்றித் தலை சாய்ந்து, அறுவடை மிஷினுக்கு ஊரே காத்துக்கிடக்கிற நேரத்தில், இலங்கைப் பக்கம் காற்றழுத்தம் ஒன்று உருவாகியிருக்கிறதாம். மூன்று நாளில் கரைக்கு வருமாம். செங்கால்மங்கலத்துக்குப் போகிற மினி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செம்மொழி வானத்தைப் பார்ப்பதும் கைபேசியைப் பார்ப்பதுமாக வந்துகொண்டிருந்தாள். மடியில் ஒரு பொன்னாடை மடித்துக் கிடந்தது. அன்று காலையில்தான் கல்லூரியில் போர்த்தினார்கள்.

அந்தப் பொன்னாடை எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். செம்மொழி, மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்கு அருகில் ஒரு சின்னக் கல்லூரியில் கணினித்துறை உதவிப் பேராசிரியை. தஞ்சாவூரில் ஒரு பொது அதிவேகக் கணினி மையம் வரப்போகிறது. தனியாக ஒருவர் வாங்கிக் கட்டுப்படியாகாத எந்திரம், நாற்பது கோடி. முப்பது கோடியை அரசாங்கங்கள் தருகின்றன. மீதிப் பத்து கோடியை, அதைப் பயன்படுத்தப்போகிறவர்கள் பங்கு பிரித்துப் போட வேண்டும். ஐந்து பல்கலைக்கழகங்கள், ஒரு விதை கம்பெனி, அரிசி ஆலைக்காரர்களின் சங்கம், பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தேங்காய் எண்ணெய் கம்பெனி, இன்னும் இரண்டு மூன்று பேர். இவர்களோடு பதின்மூன்று சின்னக் கல்லூரிகளும் உண்டு. அந்தப் பதின்மூன்றுக்கும் சேர்த்து ஒரே பிரதிநிதியாகக் குழுவில் உட்கார்ந்தவள் செம்மொழி.

கல்லூரிக்கு இரண்டு லட்சம் என்றார்கள். எட்டு மாதம் சண்டை போட்டாள். எங்கள் லேபில் மழை பெய்தால் கம்ப்யூட்டருக்கு மேல் குடை பிடிக்கிறோம், எங்களிடம் போய் இரண்டு லட்சமா என்று ஒரு கூட்டத்தில் கண்கலங்கியே விட்டாள். குழு மனமிரங்கியது. ஒப்பந்த வரைவில் பதினாலாவது ஷரத்து ஏறியது: சிறு கல்லூரிகள் பங்குத்தொகை செலுத்த வேண்டியதில்லை, மீதமிருக்கும் நேரத்தை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ‘மீதமிருக்கும்’ என்ற வார்த்தையை ஒரு மரியாதைக்காகச் சேர்த்தாள். கல்லூரித் தாளாளர் சிவசாமிக்கு மயிலாடுதுறையில் பெரிய ஜவுளிக்கடை. இரண்டு லட்சத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த தங்கச்சி என்று மேடையில் புகழ்ந்து பொன்னாடை போர்த்தினார். அது அவர் கடைச் சரக்குதான்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவள் கணவன் இனியவன் இரண்டு கைபேசிகளோடும் ஒரு நோட்டோடும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். அறுவடைக் காலத்தில் ஆத்தூரிலிருந்து வருகிற பெல்ட் மிஷின்கள் இரண்டுக்கு அவன்தான் உள்ளூர் ஏஜெண்டு. யார் வயலுக்கு எப்போது மிஷின் போகும் என்ற முறை அவன் நோட்டில்தான் இருக்கிறது. தை மாசியில் அவனுக்கு மாவட்ட ஆட்சியரைவிட மதிப்பு அதிகம் என்று செம்மொழி கேலி செய்வாள். அன்றைக்குக் கேலி செய்கிற முகத்தில் அவன் இல்லை.

“கேட்டியா கதைய? நாட்டாமை ஆளு விட்டிருக்காரு. ஊர்க்கோயில் கும்பாபிஷேகத்துக்கு நம்ம தெருவுக்கு வரி வேணாமாம்.”

“வேணாம்னா நல்லதுதானங்க? தலைக்கட்டுக்கு மூவாயிரம் மிச்சம். மோட்டாருக்குக் காயில் கட்டலாம்.”

இனியவன் நோட்டை மூடினான். “நீ பேசுற மாதிரியேதான் அவங்களும் பேசுறாங்க. ‘கஷ்டப்படுற ஜனம், உங்களுக்கு எதுக்குப்பா வரி? சும்மா வந்து சாமி கும்புட்டு, அன்னதானம் சாப்பிட்டுட்டுப் போங்க.’ அவ்வளவு இனிப்பு வாயில.”

“சும்மாதான கூப்புடுறாங்க. இதுல என்னா கோவம்?”

“வரி வாங்குனா வரி நோட்டுல பேரு ஏறும் செம்மொழி. பேரு ஏறுனவன் ஊர்க் கூட்டத்துல உக்காந்து பேசுவான். சாமி புறப்பாடு அவன் தெருவுக்கும் வரணும். நம்ம மூவாயிரத்த வாங்கிட்டுச் சாமிய நம்ம தெருவுக்குள்ள கொண்டாராம இருக்க முடியுமா? அதான் வேணாங்குறாங்க. சும்மா விடுறதுல அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

அவர்கள் இருப்பது கீழத்தெரு. கீழத்தெரு என்றால் யார் இருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. நாற்பத்திமூன்று தலைக்கட்டு. அந்தக் காலத்தில் ஊர்த்தெருப் பண்ணைகளில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள். இப்போது அதில் வாத்தியார்கள் இருக்கிறார்கள், மின்வாரியத்தில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள், செம்மொழி இருக்கிறாள். நிலமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறார்கள். வரி மட்டும் கொடுக்க முடியவில்லை.

இனியவனின் அம்மா அம்சம் அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சத்தம் கொடுத்தாள். “ஒங்கப்பன் காலத்துல வேணும் வேணாம்னுகூடச் சொன்னதில்ல. இப்ப ஆளு விட்டு வேணாங்குறானுவ. அந்த மட்டுக்கும் முன்னேத்தந்தாண்டா.”

“சிரிக்காதம்மா. நாப்பத்திமூணு வூட்டுலயும் வசூல் பண்ணி நானே எடுத்துகிட்டுப் போறேன். வாங்குறாங்களா இல்லையான்னு பாக்குறேன்.”

“வீம்பு பண்றீங்க” என்றாள் செம்மொழி. அவன் எழுந்து தெருவில் இறங்கிவிட்டான். சாப்பிடவும் வரவில்லை. கருவாட்டுக் குழம்பை வேண்டாம் என்கிற ஆளில்லை அவன். சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே தோன்றியது. ஆனாலும் மூவாயிரத்துக்கு ஏன் இத்தனை கொதிப்பு என்று உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை வானிலை அறிவிப்பு இன்னும் உறுதியானது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கனமழை. கீழத்தெருக்காரர்களின் நெல் இரண்டு இடத்தில் நின்றது. ஓடைக்கரை வெளி என்கிற வயல்பரப்பில் பாதி, புளியடி வெளியில் பாதி. வியாழக்கிழமை மத்தியானம் ஆத்தூர் மிஷின்கள் வரும். அதிலிருந்து மழைக்குள் ஒரு வெளியைத்தான் அறுத்து முடிக்கலாம். இரண்டாவது வெளி கடவுள் விட்ட வழி.

“ஒன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன். எது மொதல்ல முழுகும்னு” என்றான் இனியவன். முந்தின நாள் கோபம் குரலில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

இதற்காகத்தான் செம்மொழி ஆறு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு மழை, எந்த வயல் எவ்வளவு பள்ளம், எந்த வடிகால் தூர்ந்திருக்கிறது, எந்தச் சாலைக்கு அடியில் எத்தனை அகலக் குழாய் என்று எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த வயலில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்கிடுகிற ஒரு நிரல். மாணவிகளோடு வரப்பு வரப்பாக நடந்து அளந்த கணக்கு. கல்லூரி லேபில் முப்பது கம்ப்யூட்டரை ஒன்றாகக் கட்டி ஓட்டினால் விடை வர ஒன்பது நாள். மழை அதற்குள் வந்து, பெய்து, வடிந்து, நிவாரணக் கணக்கெடுப்பே முடிந்திருக்கும். தஞ்சாவூர் மையத்தில் பெரிய எந்திரம் வருவதற்கு முன்னால் ஒத்திகைக்காகச் சின்னதாக ஒன்று, வரைவு ஒப்பந்த விதிகளின்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆறே மணி நேரம். புதன் மதியமே வேலையை அனுப்பிவிட்டாள். திரையில் வந்தது: வரிசையில் நாற்பத்தொன்று.

மாலையில் நாற்பத்தொன்று. வியாழன் விடிந்ததும் பார்த்தாள். நாற்பத்தொன்று. மையத்தின் தொழில்நுட்ப அலுவலர் நெய்னா முகம்மதுவைக் கைபேசியில் பிடித்தாள்.

“சார், என் வேலை நேத்திலேருந்து நகரவே இல்லயே?”

“வணக்கம் மேடம். நீங்க மிச்ச நேர வரிசைல இருக்கீங்க. பங்கு போட்டவங்க வேலை ஒண்ணும் இல்லாதப்பதான் அது நகரும்.”

“நான் சும்மா சாதாரணமாத்தான சார் அனுப்பினேன்?”

“சலுகைக் கணக்குன்னா அது தானா அங்க போயிரும் மேடம். பதினாலாவது ஷரத்துல அப்படித்தான இருக்கு. ‘மீதமிருக்கும் நேரம்’னு.”

“மிச்சம் எப்ப சார் வரும்?”

நெய்னா முகம்மது பொய் சொல்லிப் பழகாத மனுஷர். “உள்ளதச் சொல்லிர்றேன் மேடம். நூறு மணி நேரத்துக்கு நூத்தி முப்பது மணி நேர வேலை நிக்குது. போன பொங்கலன்னிக்கு நாலு மணி நேரம் சும்மா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“மழை வருது சார். எங்க தெரு நெல்லு பூரா நிக்குது.”

“புரியுது மேடம். ஆனா நான் கையால தூக்கி மேல விட்டேன்னா ஆடிட்ல மாட்டிக்குவேன். முன்னாடி நிக்கிறது விதை கம்பெனி வேலை. அது அடுத்த வருஷத்து ரகத்துக்கு, அவசரம் ஒண்ணும் கிடையாது. ஆனா அந்த நேரம் அவங்களோடது. ஒரு அட்டவணை அனுப்புறேன், பாருங்க.”

அட்டவணை வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். பல்கலைக்கழகத்துக்குப் பதினெட்டு, இன்னொன்றுக்குப் பதினைந்து, விதை கம்பெனிக்குப் பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தாள், சரியாக நூறு. கடைசி வரியில் ‘சிறு கல்லூரிகள் (13)’ என்று இருந்தது. எதிரே ஒரு கோடு. எட்டு மாதம் குழுவில் உட்கார்ந்தவள், இந்தத் தாளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பணம் போடாதவர்களுக்கு அட்டவணைக் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. அழைக்கவில்லையே என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை.

வியாழன் மத்தியானம். ஆத்தூர் டிரைவர்கள் மிஷினை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஒரே பக்கமாக வீசியது. இனியவனைச் சுற்றிப் பத்துப் பேர். கோடிவீட்டு சுடர்விழி, புருஷன் இல்லாமல் மூன்று மா குத்தகை பார்ப்பவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தம்பி, எனக்கு நெல்லு போட்டப்புறந்தான் காசு. மிஷினு சும்மா இருக்குறப்ப அனுப்பி வைய்யி, போதும்.”

“மிஷினு எப்பக்கா சும்மா இருக்கும்? சேத்துல மாட்டிக்கிட்டாத்தான் சும்மா இருக்கும். அம்பது ரூவாயாச்சும் குடு. நோட்டுல பேரு எழுதிக்கிறேன். பேரு ஏறிட்டா யாரு தடுத்தாலும் ஒன் மொறைக்கு மிஷின் வந்து நிக்கும்.”

சுடர்விழி முந்தானையை அவிழ்த்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். இனியவன் எழுதினான். செம்மொழி கைபேசியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீம்பு என்று சொன்னாளே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று இருந்தது.

“என்னா, வந்துச்சா?” என்றான் இனியவன்.

“முப்பத்தெட்டுல நிக்குதுங்க.”

“ஒரு மணி வரைக்கும் பாக்குறேன்.”

ஒரு மணிக்கு முப்பத்தேழு. இனியவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். எந்த வருஷமும் ஓடைக்கரைதான் முதலில் முழுகும், எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. “ஓடைக்கரைக்கு வுடுங்கண்ணே” என்று டிரைவர்களிடம் சொன்னான். அவனுடைய ஆறு மாவும் சுடர்விழியின் மூன்று மாவும் புளியடியில் இருந்தன. ஆனால் முறை என்றால் முறைதான், சொந்த வயல் என்று அவன் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிடித்த மழை மறுநாள் விடியத்தான் விட்டது. ஓடைக்கரையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. அந்த ஓடையை ஆடியில் தூர்வாரியிருந்தார்கள். புளியடி வெளி முழங்கால் ஆழத்துக்கு முழுகிக் கிடந்தது. போன வருஷம் போட்ட புதுச்சாலைக்கு அடியில் ஒற்றைக் குழாயைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்கள், தண்ணீர் வடிய வழியில்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, எல்லாரும் அரிவாளோடு தண்ணீரில் இறங்கிக் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, செம்மொழியின் கைபேசி சத்தம் போட்டது. வேலை முடிந்தது, விடை தயார். மழை ராத்திரியில் பங்குக்காரர்கள் யாரும் வேலை அனுப்பாமல் மிச்ச நேரம் விழுந்திருக்க வேண்டும்.

இடுப்பில் சொருகியிருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தாள். படத்தில் புளியடி வெளி முழுக்க நீல நிறம். வெள்ளி மாலை நாலு மணிக்கு ஒன்றேமுக்கால் அடி.

“வந்துருச்சா?” இனியவன் நிமிராமல் கேட்டான்.

“வந்துருச்சு.”

“என்னா சொல்லுது?”

“புளியடிதான் முழுகும்னு சொல்லுது.”

இனியவன் நிமிர்ந்தான். சேறு வழிகிற கதிர்க்கட்டைக் கையில் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்து வயல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் முகம் விழுந்துவிட்டது. “யாரு செஞ்ச வேலை இது? அந்தக் கம்பெனிக்காரனா?”

“நான்தாங்க.”

“என்னா சொல்ற?”

“எங்களுக்குப் பணம் வேணாம், மிச்சம் மீதி இருந்தா குடுங்கன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். அழுதுகிட்டு கேட்டு வாங்கினேன். அதுக்குத்தான் பொன்னாடை.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தண்ணீரில் நின்றபடி அழுதாள். “நீங்க வரி நோட்டப் பத்திப் பேசினப்ப வீம்புன்னு சொன்னேன்ல. எனக்கு வெக்கமா இருக்குங்க.”

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் திட்டவில்லை. “நம்ம ஆளுங்களுக்கு இதான். சும்மா தர்றேன்னு சொன்னா மனசு குளுந்துருது. எங்கப்பாவும் அப்படித்தான்” என்றான். பிறகு, “குனி. கதிர அறு. முளைச்சிரும்” என்றான்.

இரண்டு பேரும் குனிந்து அறுத்தார்கள். செம்மொழிதான் மறுபடி ஆரம்பித்தாள். “திங்கக்கெழமை கடைசிக் கூட்டம். அன்னிக்குக் கையெழுத்து ஆயிருச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது. அந்த வரிப் பணம் நீங்க வசூல் பண்ணது இருக்குல்ல? ஒரு லட்சத்து இருபத்தொம்பதாயிரம். அத எங்க காலேஜ் பங்குக்குக் குடுத்தீங்கன்னா, மிச்சத்த நான் லோன் போட்டு…”

“அதத் தொடாத.” அவன் குரல் கடினமாகிவிட்டது. “அது கோயிலுக்கு எடுத்தது. நேத்திக்கி மழையோட ஒரு தடவ கொண்டு போனேன், வேணாம்னாங்க. மறுபடி கொண்டு போவேன். அவங்க வாங்குற வரைக்கும் அது அந்தப் பையிலேயே இருக்கும். அதோட, நீ கட்டுனா அது உன் தானம். காலேஜ் பங்கக் காலேஜுதான் கட்டணும். இல்லன்னா நாளைக்கு நீ வேலைய விட்டுப் போனா மொறையும் ஒன்கூடப் போயிரும்.”

சரிதான். ஆனால் கல்லூரியைக் கேட்பது யார்? தாளாளர் சிவசாமி குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார், கைபேசி அணைத்துக் கிடந்தது. கல்லூரி முதல்வரோ, தாளாளரைக் கேட்காமல் ஒரு சாக்பீஸ் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மற்ற பன்னிரண்டு கல்லூரிகளையும் ஞாயிறு முழுக்கக் கூப்பிட்டாள். ஏழு பேர் கட்டலாம் என்றார்கள். மூன்று பேர் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு பேர், இலவசமாக வருவதைக் கெடுக்கிறீர்களே, உங்களுக்குப் பைத்தியமா என்று வைத்துவிட்டார்கள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு காகிதம். குழுவில் கல்லூரி சார்பில் கையெழுத்திட அதிகாரம் அளித்துச் சிவசாமி எட்டு மாதத்துக்கு முன் கொடுத்த கடிதம்.

திங்கட்கிழமை தஞ்சாவூரில், குளிரூட்டிய அறையில், ஆளுக்கொரு தட்டில் ரவா கேசரி வைத்துக் கூட்டம் தொடங்கியது. தலைவர் பேராசிரியர் குஞ்சிதபாதம் நல்ல மனிதர். செம்மொழி கேட்டபோதெல்லாம் பரிவாகவே கேட்டுக்கொண்டவர். ஷரத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதினாலுக்கு வந்ததும் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“இது நம்ம செம்மொழி அம்மாவோட ஷரத்து. எல்லாருக்கும் சம்மதந்தானே?”

“எனக்குச் சம்மதமில்ல சார்” என்றாள் செம்மொழி.

குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றீங்க? நீங்கதானே அழுதுகிட்டு கேட்டீங்க?”

“ஆமா சார். தெரியாம கேட்டுட்டேன். அத எடுத்துருங்க. நாங்களும் பங்கு கட்டுறோம். மொதல்ல நீங்க கேட்ட அதே ரெண்டு லட்சம். எங்களுக்கும் அட்டவணைல ஒரு எண் போடுங்க.”

விதை கம்பெனியிலிருந்து வந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். “மேடம், நல்ல மனசோட ஃப்ரீயா தர்றோம். எதுக்கு வீணா உங்க காலேஜுங்களுக்குக் கஷ்டம்? நீங்க வேணும்னா எப்ப வேணும்னாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் பாத்துப் பண்ணித் தர்றேன்.”

“போன வாரம் உங்க வேலைக்குப் பின்னாடிதான் சார் என் வேலை மூணு நாள் நின்னுச்சு. அந்த மூணு நாள்ல எங்க தெருல பதினோரு ஏக்கர் முழுகிப்போச்சு. உங்க மேல தப்பில்ல. நேரம் உங்களோடது. அதத்தான் நானும் கேக்குறேன். போன் பண்ணிக் கேக்குறது இல்லாம, எங்களோடதுன்னு கொஞ்சம்.”

“பதிமூணு பேரு சேந்தா ரெண்டரை சதவீதம் வரும். அது எங்க எல்லார் ஷேர்லயும் குறையும்ல?”

அப்பாடா, வாயிலிருந்து வந்துவிட்டது என்று செம்மொழி நினைத்தாள். சும்மா கொடுத்தால் யாருக்கும் ஒரு நிமிஷம் குறையாது. பணத்தை வாங்கினால் குறையும். நாட்டாமைக்கும் இவருக்கும் கணக்கு ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவர் கேட்டதும் சொல்லிவிட்டார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

“குறையும் சார். ஒரு நாளைக்கு முப்பத்தாறு நிமிஷம்.”

குஞ்சிதபாதம் தாளைத் தள்ளி வைத்தார். “அம்மா, ஷரத்த எடுத்துட்டா பணம் கட்டாத காலேஜுக்கு ஒண்ணுமே கிடையாது. மிச்சமும் கிடையாது. ரெண்டு மூணு காலேஜு வெளில போயிடும். உங்களைத்தான் திட்டுவாங்க. யோசிச்சீங்களா?”

யோசிக்காமலா? இரண்டு ராத்திரி தூங்கவில்லை. “திட்டட்டும் சார். பங்க ரெண்டு தவணையா வாங்கிக்குங்க. முப்பத்தாறு நிமிஷத்த அன்னன்னிக்கு ஓட்டாம சேத்து வச்சு, மழை எச்சரிக்கை வந்தா மொத்தமா எடுத்துக்க விடுங்க. அந்த நேரத்துல எங்களத் தள்ளிவிடக் கூடாது. இத மட்டும் எழுதிருங்க.”

ஓட்டுக்கு விட்டார்கள். எழுதலாம் என்று ஏழு கை, வேண்டாம் என்று நாலு. அவள் கை அதில் சேராது, பங்கு போடாதவர்களுக்கு ஓட்டு இல்லை. பழைய ஷரத்தை அடித்துப் புதியதை நெய்னா முகம்மதுவே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். கல்லூரியின் பெயருக்கு நேராக, இலவசத்துக்காகக் கொடுத்த அதிகாரக் கடிதத்தை வைத்துக்கொண்டு, இரண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகலாம். போனால் வீட்டுக் கடன், வெளியூரில் படிக்கிற மகளின் விடுதிக் கட்டணம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். எல்லாம் தெரிந்துதான் போட்டாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது இனியவன் தார்ச்சாலையில் ஈரநெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். முளைவிட்ட வாடை. அன்று காலையில் மூன்றாவது தடவையாகப் பணப்பையோடு ஊர்த்தெருவுக்குப் போய்விட்டு வந்திருந்தான். நாட்டாமை காப்பி கொடுத்தாராம். பையைத் தொடவில்லையாம். செம்மொழி செருப்பைக் கழற்றுவதற்குள் கைபேசி அடித்தது. தாளாளர் சிவசாமி. ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் சாலை வரைக்கும் கேட்டது.

“யாரக் கேட்டு ரெண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

“உங்களத்தான் சார் மூணு நாளா கூப்புட்டேன். போன் ஆஃப்ல இருந்துச்சு.”

“அதுக்காக? நாளைக்கே லெட்டர் எழுதுங்க. எங்களுக்கு அந்த இலவசமே போதும்னு எழுதிருங்க.”

“இலவசம் இப்ப இல்ல சார். அந்த ஷரத்த எடுத்தாச்சு.”

“எடுத்தாச்சா? யாரு எடுத்தா?”

“நான்தான் சார் எடுக்கச் சொன்னேன்.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ இந்தக் கலரில் பார்டர் பெரிதாக இருக்கிறதா என்று கேட்பது கேட்டது. “உங்களுக்குப் பொன்னாடை வேற போத்தினேன்” என்றார் சிவசாமி கடைசியில். “வேலைய விட்டுத் தூக்கலாமா வேணாமான்னு யோசிச்சுகிட்டிருக்கேன்.”

“தூக்குங்க சார். ஆனா பங்க மட்டும் கட்டிருங்க.”

சிவசாமியின் குரல் மாறி வந்தது. கொள்முதல் செய்யப் போகிறவனின் குரல். “சரி, ரெண்டு லட்சத்துக்கு நமக்கு எவ்வளவு நேரம்?”

“பதிமூணு காலேஜுக்கும் சேத்து ஒரு நாளைக்கு முப்பத்தாறு நிமிஷம் சார்.”

“நமக்குத் தனியா எவ்வளவும்மா?”

“ரெண்டேமுக்கா நிமிஷம்.”

“அவ்வளவுதானா! ரெண்டு லட்சத்துக்கு? மழைக்காலத்துல எவனும் நமக்கு முன்னால பூந்துட மாட்டானே? அத எழுதி வாங்கினீங்களா?”

எட்டு மாதத்தில் கல்லூரியில் ஒருவர்கூட அவளை இப்படிக் கேட்டதில்லை. இலவசம் என்றதும் கை தட்டினார்களே தவிர எவ்வளவு, எப்போது, யார் தடுத்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. “எழுதி வாங்கிட்டேன் சார்.”

“நகல நாளைக்குக் காலைல கடைக்குக் கொண்டாங்க. ஒவ்வொரு வரியா படிச்சுப் பாக்காம ஒரு பைசா தர மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

இனியவன் நெல்லைத் துழாவுவதை நிறுத்தவில்லை. “என்னாங்குறாரு?”

“கட்டுவாரு போலத்தான் இருக்கு.”

அவன் சாலையின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். காலுக்கு இரண்டு பக்கமும் நெல் வரிவரியாக ஒதுங்கியது. “ஒன் எடத்துல வாங்கிகிட்டாங்க” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். ஆனாலும் அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

செம்மொழி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நெல்லுக்குள் இறங்கினாள். அவன் துழாவிய வரிக்குப் பக்கத்து வரியில் நடந்தாள்.

“மறுபடி எப்பங்க போறீங்க?”

“நாளன்னிக்கி. கூட்டம் போட்டுருக்காங்க.”

“நானும் வர்றேன்.”

“ஊர்க் கூட்டத்துல பொம்பளைங்களுக்கு எடமில்லம்பாங்க. அதோட நம்ம தெருப் பொம்பள வேற.”

“சொல்லட்டும்” என்றாள் செம்மொழி. “காப்பியக் குடுத்து அனுப்பாம, எல்லாரும் பாக்க அத அவங்க வாயால சொல்லட்டும்.”